மாமா நெஞ்சில் இருந்த நீர்க்கட்டி

மாமாவுக்கு டிபி என்று முடிவு கட்டியது டாக்டர் இல்லை, எங்கள் சொந்தக்காரர்கள். அம்மாவின் தம்பி அவர். கருவடிக்குப்பத்தில் என் அப்பாவின் கறிக்கடையில் கறி வெட்டுவார்; அப்பாவை நாங்கள் அத்தா என்போம். சில மாதமாக இருமிக்கொண்டிருந்தார். உடனே மாமாவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் நிச்சயத்தைத் தள்ளிப்போட்டார்கள். பெரியம்மா தன் பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பக்கமே விடவில்லை. வாய் கிழியப் பாசம் பேசும் கூட்டம் அது.

ஒருநாள் காலை மாமா பலமாக இருமி, வாய் நிறையத் தண்ணீரைக் கக்கினார். திராட்சைத் தோல் மாதிரி ஏதோ அதோடு வந்து விழுந்தது. "ஒரே உப்பு கரிக்குதுக்கா," என்று அம்மாவிடம் சொன்னார். உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது. கடையிலிருந்த அத்தா கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரை ஆட்டோவில் ஏற்றினார்.

கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "டிபி இல்ல. நுரையீரல்ல புழுவால வந்த நீர்க்கட்டி. அபூர்வமாத்தான் வரும். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்," என்றார். நெஞ்சைக் கிழிக்கப் போகிறார்கள், எங்கள் வீட்டிலோ பிரியாணி போடாத குறைதான். அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "வெறும் புழுதான்க்கா! இப்பவாச்சும் வருவியா?" என்று கத்தினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிறகுதான் டாக்டரம்மா கடையைப் பற்றி விசாரித்தார். ஆட்டு நுரையீரலில் தண்ணீர்க் கொப்புளம் இருந்தால் அதை அறுத்து நாய்களுக்குப் போடுவது எங்கள் கடை வழக்கம். ஒரு உயிர் பசியாறட்டும் என்று அத்தா நினைத்தார். புழு அந்தக் கொப்புளத்தில்தான் இருக்கிறதாம். நாயின் குடலில் வளர்ந்து, மலத்தில் முட்டையாக வெளிவந்து, நாயின் முடியில் ஒட்டி, அதைத் தொட்ட கை வழியாக நம் வாய்க்குப் போகிறதாம்.

"கட்டி வளர வருஷக்கணக்காவும். வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, பாத்துடலாம்," என்றார் டாக்டரம்மா.

அப்போது எனக்கு எட்டு வயது. கடை நாய்களோடு உருண்டு புரண்டு, அவற்றைச் சொறிந்துவிட்ட கையாலேயே முறுக்குத் தின்பவள். படத்தில் முகமும் விழும் என்று நினைத்து, நெஞ்சு எக்ஸ்ரேவுக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல பாய்," என்று டாக்டரம்மா சொன்னதும் அத்தா வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்தார். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு மானமே போனது.

"மாமாவுக்குத்தான் சரியாயிடுச்சே அத்தா, இன்னும் எதுக்கு அழுவுறீங்க?" என்று அதட்டினேன்.

"ஆமாம்மா, மாமாவுக்காகத்தான்," என்றார்.

நானும் நம்பிவிட்டேன்.