இரண்டு சீப்பும் ஓர் உடைந்த வளையலும்

என் வகுப்பறைச் சன்னலில் ஒரு தகரத் தகடு சாய்ந்து நிற்கிறது. அதில் ஐந்து ஆங்கில எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஓரங்களில் கறுப்பு மை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இப்போது துடைப்பதில்லை.

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் அப்பா வேலை செய்தார். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். நிரம்பிய தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் போடுவது அவர் வேலை. தகட்டைப் பலகையில் அழுத்திப் பிடித்து, மை தோய்ந்த பிரஷால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் தேயிலையின் தரம் பதிந்துவிடும். அப்பாவுக்கு எந்த மொழியிலும் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு நாளும் தகட்டை மாற்றிப் போட்டதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் உருவத்தைப் பார்த்து அவரே ஒரு பெயர் வைத்திருந்தார். பீ அவருக்குக் கொடி, ஈ சீப்பு.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் பெண் பிள்ளைகளுக்குக் கொழுந்து பறிக்கும் கூடைதான். மாத்தளை டவுன் பள்ளிக்கூடத்தில் என்னை ஒரு தவணைக்கு மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் தேறினால் இருக்கலாம், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். கங்காணி எங்கள் வரிசை வீட்டு லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் அப்பாவிடம், "என்னப்பா, மகளுக்குத் தோட்டத்து வேலையில பேர் பதிய நாளாச்சே, இன்னும் டவுனுக்குத்தான் பஸ் ஏறுதா?" என்று கேட்பார். "ஏறுது, ஏறுது" என்று அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்வார்.

வெள்ளிக்கிழமைகளில் ஆங்கில டீச்சர் ஒரு சொல் வேட்டை வைப்பார். இத்தனை எழுத்துச் சொல், அதில் இன்னின்ன எழுத்து இருக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிவிடுவார். தவணையின் கடைசி வெள்ளிக்கு வந்தது ஐந்தெழுத்துச் சொல். கே, ஓ, பீ மூன்றும் அதில் இருக்க வேண்டும். "திங்கட்கிழமை நாலு சொல் கொண்டு வாங்க. நாலு இல்லாட்டி பாஸ் இல்ல" என்றவர், என்னை மட்டும் தனியாக ஒரு பார்வை பார்த்தார்.

ஞாயிறு மத்தியானத்துக்குள் மூன்று கிடைத்துவிட்டன. பேசினான் என்பதற்கு ஒன்று, அடுப்பு கிண்டும் கம்பிக்கு ஒன்று, குத்தினான் என்பதற்கு ஒன்று. நான்காவது வரவேயில்லை. எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி எழுதி, சிலேட்டு முழுவதும் வெள்ளையாகிவிட்டது. அப்பா பக்கத்தில் குந்தி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, கொடி இருக்கு, வளையல் இருக்கு, கைகால விரிச்ச ஆளும் இருக்கான். ரெண்டு சீப்ப சேத்தா பெக்கோ வந்துருமே."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். "அது இங்கிலீஷ் இல்லப்பா. நம்ம தோட்டத்துப் பேச்சு."

"சீமைக்குப் போற பெட்டியில தமிழ்லயா எழுதுவாங்க?"

நான் சிலேட்டை அழித்தேன். லயத்தில் எல்லாரும் சொல்லும் ஒரு தேயிலை ரகத்தின் பெயர் ஆங்கில அகராதியில் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? கொழுந்து, கூடை மாதிரி அதுவும் எங்கள் சொல் என்றே நினைத்திருந்தேன். நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அப்பா என் கொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மை வாசனையும் வந்தது. மூன்று சொல் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, பெட்டியில் இருப்பது போலவே ஐந்து கறுப்பு எழுத்துகள்: பீ, ஈ, கே, ஓ, ஈ. தகட்டில் நடுவட்டம் கழன்று விழாமலிருக்க விட்ட இணைப்பால் ஓ மட்டும் இரண்டு துண்டாக விழுந்திருந்தது. நான் அழுதேன். கிழிக்கலாமென்றால் அந்த மை மூன்று சொற்களின் மேலும் ஒற்றியிருந்தது. இரண்டு பக்கத்தையும் கிழித்தால் மூன்றும் போய்விடும். கிழிக்காமலே கொண்டு போனேன்.

டீச்சர் கொப்பியைத் தூக்கிப் பிடித்தார். "இது என்ன? வட்டம் நடுவுல ரெண்டா உடைஞ்சிருக்கு?"

"தேயிலைப் பெட்டி டீச்சர்!" என்று பின் வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கத்தினாள். வகுப்பே சிரித்தது.

"இது சொல் இல்ல. மூணுதான்" என்று டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனா அப்பாவின் மை மேல் கோடு போடப் போகிறது என்று கண்டதும் எழுந்துவிட்டேன். முதல்நாள் அப்பா கேட்ட அதே கேள்விதான் வாயில் வந்தது. "சீமைக்குப் போற பெட்டியில தமிழ்லயா டீச்சர் எழுதுவாங்க? டிக்ஷனரியப் பாருங்க."

"பார்த்து, இல்லன்னா?"

"இல்லன்னா நான் தோட்டத்துக்கே போயிடுறேன்."

சிரிப்பு நின்றது. டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளி அதிபரின் அறைக்குப் போனார். அங்கிருந்த தடித்த அகராதியில் டீச்சரின் விரல் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. அவர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, உடைந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார். "நாலு" என்றார். கொப்பியை என் கையில் கொடுத்தார். எனக்கு அது போதும்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, மேடேறி ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "ஸ்டோர்ல இன்னும் நாலஞ்சு தகடு இருக்கு. அதுவும் வேணுமா?" என்று கேட்டார்.

பல வருடம் கழித்து, வெட்டு தேய்ந்து மை வழியத் தொடங்கியதால் அந்தத் தகட்டைக் கழித்துவிட்டார்கள். அப்பா அதைக் கேட்டு வாங்கிவந்து, நான் டீச்சராகி முதல் சம்பளம் எடுத்த வாரம் கையில் கொடுத்தார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானும் எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் எந்தச் சொல்லைக் கொண்டு வந்தாலும், அகராதியைத் திறக்கும்வரை என் சிவப்புப் பேனா மூடியே இருக்கும். அகராதிப்படி அந்தச் சொல்லை 'பீக்கோ' என்று சொல்ல வேண்டுமாம். வகுப்பில் நான் பெக்கோ என்றுதான் சொல்கிறேன். பத்து மணி வெயில் தகட்டுக்குள் நுழைந்து மேசையில் விழும்போது என் விரல் தானாக எண்ணத் தொடங்குகிறது. கொடி, சீப்பு, கைகால் விரித்த ஆள், உடைந்த வளையல், இன்னொரு சீப்பு. ஐந்தும் சரியாக இருக்கிறது.