நெற்றியில் அழியாத நாமம்

முப்பது வருஷமாகக் கண்ணாடி பார்க்காமலே நாமம் போடுகிறவன் நான். அன்றைக்குத் திருமண் தீர்ந்துவிட்டது. வெறும் நெற்றியைக் கண்ணாடியில் பார்த்தால், போடாத நாமம் வெளிறித் தெரிந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

தோல் நோய்தான் என்று முடிவு கட்டி, நெற்றியில் துண்டைச் சுற்றிக்கொண்டு சிங்கவரத்தில் பஸ் ஏறினேன். செஞ்சி வருவதற்குள் மனசுக்குள் நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்து, மாமனாரையும் மன்னித்துவிட்டேன்.

டாக்டரம்மா துண்டை அவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார்.

“நோய் இல்லீங்க. இதுதான் உங்க சொந்த நிறம். மத்த இடமெல்லாம் வெயில்ல கருகியிருக்குது. க்ரீம் தடவுங்க, தலைக்குத் தொப்பி போடுங்க.”

மாமனாரை மன்னித்தது வீண்.

“டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?” என்றாள் வீட்டுக்காரி.

“மூஞ்சி பூரா நாமம் போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்.”

“போட்டுக்கினு கடலைக் கொல்லையில நில்லு. காக்கா கிட்ட வராது.”

இப்போது சாமி மாடத்தில் புதுத் திருமண்ணுக்குப் பக்கத்தில் சன்ஸ்கிரீன் டியூபும் இருக்கிறது. முதலில் க்ரீம், அது காய்ந்ததும் நாமம். பெருமாள் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.