மலையேறிய ஓடம்

அந்த ஓடத்தை நான் இரண்டு முறை வண்டியில் ஏற்றியிருக்கிறேன். முதல் முறை நான்கு பேர் தூக்கினார்கள். இரண்டாம் முறை ஆறு பேர் போதாமல் நானும் கை கொடுத்தேன். இரண்டுக்கும் இடையில் மூன்று மாதந்தான்.

எழுபதுகளில் மூணாறு மலையில், மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிக்கப் டிரைவராக இருந்தேன். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிப் போய், நம்மவர்களே மானேஜர்களாக வந்துவிட்ட காலம். ஆனாலும் எங்கள் வாயில் 'துரை' என்ற சொல் அப்படியே கிடந்தது. எங்கள் துரைக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம். மாட்டுப்பட்டி அணைக் கரையில் நின்று தூண்டில் போட்டு அலுத்துப்போய், எங்கிருந்தோ ஒரு ஓடத்தை வரவழைத்தார். அவர் அதைக் கயாக் என்றார். போடி ரயில் நிலையத்தில் வந்து கிடக்கிறது, போய் எடுத்து வா என்று சீட்டைக் கையில் கொடுத்தார்.

பரிசல் மாதிரி ஏதோ என்று நினைத்துப் போனேன். அங்கே கிடந்ததோ பதினாலு அடி நீளம். இரண்டு நுனியும் கூராக, மேலே பலகை போட்டு மூடி, நடுவில் மட்டும் நீளவாக்கில் திறந்திருந்தது. அடிப்பாகம் வளைத்து ஒட்டிய பிளைவுட். மீன்கூடை வைக்க, தூண்டில் செருக என்று உள்ளே சட்டத்துக்கு மேல் சட்டம் அடித்துக் கனத்தை ஏற்றிவிட்டிருந்தார்கள். போர்ட்டர்கள் முக்கி முனகித் தூக்கினார்கள். என் பிக்கப்பின் பின்தட்டு ஏழடி. பின்கதவை இறக்கிச் சங்கிலியில் நிறுத்தி, அதன் விளிம்பில் சாக்கை மடித்துப் போட்டு, ஓடத்தின் மூக்கைக் கேபினோடு இழுத்துக் கட்டினேன். அப்படியும் வால் ஐந்தடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதில் சிவப்புத் துணி கட்டினேன்.

"வால் பக்கம் கனம் ஏத்திராதீங்க டிரைவரே. இது தண்ணிக்குச் செஞ்ச சாமான்" என்றார் ஒரு போர்ட்டர்.

"தெனமும் மலை ஏத்தி எறக்குறவனுக்குச் சொல்லித் தர்றீகளாக்கும்" என்றேன். அந்த வயதில் எனக்கு யார் எது சொன்னாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வளைவு வளைவாக ஏறிப் போடிமெட்டு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற எங்கள் லயத்துப் பெண்கள் ஐந்து பேர் நின்றார்கள். போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் பஸ் படுத்துவிட்டதாம். அவர்களில் ஒருத்தி என் கூடப்பிறந்த அக்கா.

எஸ்டேட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நம் லயத்துப் பெண் ரோட்டில் நின்றால் நம் வண்டி நிற்காமல் போகக்கூடாது. நிற்காமல் போனவன் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் யாரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள். நான் நிறுத்தினேன்.

"எங்கடா உக்கார? முழுசும் இத அடைச்சு வச்சிருக்க. முன்னாடியும் சாமான்" என்றாள் அக்கா.

"ஓடத்துக்குள்ளயே ஏறிக்கோங்க. நம்ம லயத்துல மொதமொதல்ல ஓடம் ஏறுன ஆளுக நீங்கதான்" என்றேன்.

இதைச் சொன்னது நான். பிறகு எத்தனையோ முறை இதை வேறு யாராவது சொல்லியிருப்பார்களோ என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான்தான் சொன்னேன், சிரித்துக்கொண்டே சொன்னேன்.

நான்கு பெண்கள் ஓடத்தின் நடுவில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு வண்டிப் புகை ஒத்துக்கொள்ளாது, குமட்டும். "நான் கடைசிக்குப் போறேன், காத்தாவது வரும்" என்று வாலை மூடியிருந்த பலகையின் மேல் போய்ப் பின்னால் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். போர்ட்டர் சொன்னது அப்போது என் காதில் விழுந்த மாதிரியே இருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால், கொஞ்சம் உடம்பு போட்டிருந்த என் அக்காவைப் பார்த்து, நீ கனம், முன்னால் வா என்று சொல்ல நாக்கு எழவில்லை. வண்டியை எடுத்தேன். பின்னால் ஒருத்தி துடுப்புப் போடுவது போல் கையை வீசினாள், மற்றவர்கள் கும்மாளமிட்டார்கள்.

பூப்பாறை தாண்டி ஒரு சின்னப் பாலம். அதன் ஓரம் பெயர்ந்து கிடந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டேன். பின்சக்கரம் இறங்கி ஏறியது. காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள். நான் இறங்கிப் போய்க் குனிந்து வண்டியின் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தேன். ஓடத்தின் அடியைப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அந்த நேரத்தில் தோன்றியது. அக்கா மட்டும் சிரிக்காமல் இருந்தாள். குமட்டல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்களை லயத்தில் இறக்கிவிட்டு, ஓடத்தை ஷெட்டில் இறக்கிக் கவிழ்த்தபோது தெரிந்தது. பின்கதவின் விளிம்பு பட்ட இடத்தில், குறுக்கே ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. தண்ணீரில் கிடந்தால் கனத்தைத் தண்ணீர் அடி முழுக்கத் தாங்கும். நான் ஒரே ஒரு இரும்பு விளிம்பின் மேல் அதை நிறுத்தி, ஐந்து பேரை ஏற்றியிருக்கிறேன்.

வேலை போனால் லயத்து வீடும் போகும். கலியாணமாகி ஆறு மாதம். மறுநாள் துரை வருவதற்குள், ரோடு போட்டு மிஞ்சிய டிரம்மிலிருந்து தாரைச் சுரண்டி, உருக்கிப் பிளவில் ஊற்றினேன். தேயிலைப் பெட்டிகளின் ஓரத்தில் அடிக்கிற தகரப் பட்டை இருக்கிறதே, அதை வெட்டி மேலே வைத்துச் சின்ன ஆணியாக அடித்தேன். அதற்கும் மேலே கறுப்புப் பெயின்ட். எஸ்டேட்டில் ஒழுகுகிற கூரையிலிருந்து வாளிவரை எல்லாவற்றுக்கும் நாங்கள் செய்கிற வைத்தியம் அதுதான். துரை வந்து சுற்றிப் பார்த்தார்.

"வழியில ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"இல்லிங்க சார்."

துரை இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அதில் போனார். பிறகு அலுத்துவிட்டது போல. பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தால் மீன் பிடித்து வர, பங்களாவில் வெளிவேலை பார்த்த ஆளை அனுப்ப ஆரம்பித்தார். அந்த ஆள் என் அக்கா புருஷன்.

அத்தான் அதிகம் பேசமாட்டார். தேயிலைக் காட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு நீச்சல் தெரியாது. ஆனால் துடுப்புப் போட ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். அந்த ஓடம் வந்த பிறகுதான் அவர் முகத்தில் ஒரு பெருமையைப் பார்த்தேன். பங்களாவுக்குப் போக மிஞ்சிய மீனைச் சாக்கில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். "மாப்ள, இன்னைக்கு ஒனக்குத்தான் பெருசு" என்பார். என் மனைவி குழம்பு வைப்பாள். நான் மீனை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் அவரே கேட்டார். "அடியில லேசா ஈரம் வருது மாப்ள. நீதான கொண்டாந்த, ஏதும் தெரியுமா?"

"துடுப்புலருந்து சொட்டுறதா இருக்கும் அத்தான்" என்றேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார். நான் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. அவருக்கு எந்திரம் வண்டி எதுவும் தெரியாது, மைத்துனன் டிரைவர் என்பதில் அவருக்கு அவ்வளவு மதிப்பு.

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியந்தான். அவர் யாரிடமும் வாய் திறந்திருக்கமாட்டார். இருட்டோடு இருட்டாக ஓடத்தை எடுத்து நல்ல ஆசாரியிடம் காட்டியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஜனவரி வந்தது. புல்லில் உறைபனி விழ ஆரம்பித்தது.

தார் கீழ்நாட்டு வெயிலில் இளகி ஒட்டும். எங்கள் குளிரில் அது கல்லாகி வெடிக்கும். ரோட்டில் வருடா வருடம் பார்க்கிறவன்தான் நான். ஓடத்தில் பூசியபோது அது என் மண்டையில் ஏறவில்லை. ஒரு நாள் விடிந்து வெயில் ஏறிய நேரத்தில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அத்தான் காலுக்குக் கீழே ஓடத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டது. எதிர்க்கரையில் புல் அறுத்தவர்கள் பார்த்தார்கள். அவர் சத்தம் போடவில்லையாம். மீன்கூடையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாராம். கம்பளிக் கோட்டு அவரைக் கீழே இழுத்துவிட்டது.

மறுநாள் போலீசார் இடத்தைப் பார்த்து மகஜர் எழுதி, ஓடத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். துரை என்னைத்தான் அனுப்பினார். தண்ணீர் குடித்து ஊறி அது மலை மாதிரி கனத்தது. கவிழ்த்து ஏற்றினோம். தகரப் பட்டை ஒரே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டுகிற சாக்கில் அதைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பலகை இற்றுப்போய்ப் பிளந்தது என்று அங்கே எழுதிக்கொண்டார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்று ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் கண்ணாடியில் பார்த்தபோது ஓடத்தின் வாலில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. எனக்கு முதுகைக் காட்டி, பின்னால் பார்த்து. அத்தான் இல்லை. சேலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. அப்புறம் கொழுந்துச் சாக்கு ஏற்றினாலும் விறகு ஏற்றினாலும், ரோடு குண்டும் குழியுமாக வரும் இடங்களில் அந்த முதுகு தெரியும். செத்தவர் வந்திருந்தால்கூடப் பயந்து, திருநீறு பூசி, சமாளித்திருப்பேன். உயிரோடு, லயத்தில் அடுத்த வரிசையில் சோறு பொங்கிக்கொண்டிருக்கிற அக்கா எப்படி என் வண்டியில் வந்து உட்காருவாள்?

அக்கா அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் ஏறவில்லை. மருந்துக்கும் மளிகைக்கும் மூணாறுவரை நடந்தே போய்வந்தாள். துக்கத்தில் ஏதோ வேண்டுதல் எடுத்திருக்கிறாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். தலையில் பையோடு ரோட்டோரம் போகிறவளைப் பார்த்து நான் ஒவ்வொரு முறையும் நிறுத்துவேன். அவள் தலையை ஆட்டிவிட்டு நடப்பாள். என்னைத் தண்டிக்கத்தான் நடக்கிறாள், தகரப் பட்டை விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் கழித்து, பனிமூட்டமான ஒரு பிற்பகலில், முதல்முறையாக அவள் பையை இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்தாள். ரொம்ப மெலிந்துபோயிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்டா. ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னைக்குப் பூப்பாறை தாண்டி ஒரு சத்தம் வந்துச்சு. எனக்குக் கீழதான் வந்துச்சு. ஒனக்குக் கேட்டுச்சா?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் என்னைத் தண்டிக்கவில்லை. தன் கனத்தில்தான் ஓடம் உடைந்தது, தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டோம் என்று இரண்டு வருடமாக அவள் தன்னைத்தான் நடக்கவைத்துக்கொண்டிருந்தாள். 'கேட்டுச்சுக்கா' என்று சொன்னால் போதும். ஏறச் சொன்னது நான், பூசி மறைத்தது நான், அவர் கேட்டபோது பொய் சொன்னதும் நான், உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால் போதும். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியேக்கா" என்றேன்.

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் கேட்டிருக்கு" என்றாள். "நாந்தான் அவுககிட்டச் சொல்லியிருக்கணும்."

குனிந்து பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அது ஒற்றை ரோடு. வண்டியை எடுத்தால் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். பனிக்குள் அவள் மறையட்டும் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகத்தான் நடந்தாள். கடைசியில் ஹாரன் அடித்தேன். ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டாள்.