மத்தியான பஸ்

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் கிளார்க்காக இருந்த காலத்தில் திரைக்கதை எழுதக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட விதத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மறைத்து வைக்கவும் தெம்பில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். தேவிகுளத்துக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை. சொந்த ஊர் முதலமடைப் பக்கம். பாலக்காட்டுக் கல்லூரியில் என்னோடு படித்த நண்பன் அந்த டவுனிலேயே சில பேரைச் சேர்த்துக்கொண்டு குறும்படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தான். யாரிடமிருந்தோ ஒரு சின்ன காமிரா இரவல் கிடைத்திருந்தது. எழுத ஆள் இல்லை. நான் எம்.ஏ. படித்தவன், கதை எழுதுகிறவன் என்று என்னைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது திரைக்கதைத் தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். இடப்பக்கம் திரையில் தெரிவது. வலப்பக்கம் காதில் விழுவது. என் தாள்களில் இடப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். வலப்பக்கம் வசனம் நிரம்பி வழியும்.

கதை இதுதான்: தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு, ஊரில் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று செய்தி வருகிறது. மாலையில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது அவளுக்குச் சொல்கிறார்கள். அந்த ஒரு காட்சியை எத்தனை முறை மாற்றி எழுதியும் நண்பன் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"இத ரேடியோவுக்கு அனுப்புடா. கண்ண மூடிட்டே கேக்கலாம்" என்றான் ஒருமுறை. அடுத்த முறை சிரிக்கவில்லை. "உன்ற ஆளுக ஏன்டா இத்தன பேசறாங்க? இப்படி ஒருத்திகிட்டச் சேதி சொல்லறப்ப நீ பக்கத்துல நின்னு பாத்திருக்கியா? பாக்காததையெல்லாம் பேச வெச்சு ரொப்பறே."

நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாவுச் செய்தி ஆபீசுக்கு வந்தால் மலையில் போய்ச் சொல்லமாட்டார்கள். சரிவில் நிற்கிறவள் உருண்டுவிடுவாள் என்று, நிறுவை முடியும்வரை வைத்திருந்து சூப்பர்வைசர் சொல்வார். உடம்பு முடியவில்லை என்ற செய்திக்கு மட்டும் உடனே ஆள் அனுப்புவார்கள். போடிக்கு இறங்கும் மத்தியான பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் அல்லவா. அதை விட்டால் மறுநாள் காலையில்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் ஆபீசில் போன் அடித்தது. போடியில் ஏதோ கடையிலிருந்து ஒருவன் பேசினான். தன் தங்கச்சி உங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள், அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது, உயிர் இருக்கிறது, மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள் என்றான். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஆபீசில் வேறு யாரும் இல்லை. ஆள் அனுப்ப எழுந்தேன். வாசல்வரை போனேன். அங்கே நின்றபோதுதான் அந்த நினைப்பு வந்தது. மாலைவரை வைத்திருந்தால் நானே கொட்டகைக்குப் போய்ச் சொல்லலாம். முகத்தைப் பார்க்கலாம். கேவலமான நினைப்பு என்று அப்போதே தெரிந்தது. தெரிந்தே நேராகக் குவார்ட்டர்சுக்குச் சாப்பிடப் போனேன்.

சோறு போடும்போது மனைவியிடம் போன் வந்ததைச் சொன்னேன். "ஐயோ பாவம். போயிச் சொல்லிப்போட்டு வந்து சோறு உங்கலாமுங்களே" என்றாள். ஆள் போயாச்சு என்றேன். ரசம் ஊற்றினாள். சாப்பிட்டேன்.

திரும்பி ஆபீசில் உட்கார்ந்திருந்தபோது கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிப் போனது.

மாலை கொட்டகைக்குப் போனேன். இப்போதுதான் போன் வந்தது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். முப்பது வயதிருக்கும் அவளுக்கு. கூடையை இறக்கி வைத்துவிட்டு முறைக்காக நின்றாள். முகத்தில் வெளிச்சம் விழும் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். உங்கம்மாவுக்கு ரொம்ப முடியவில்லையாம், வரச் சொல்கிறார்கள் என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தையும் நான் திட்டமிட்டிருந்தேன்.

அவள் அழவில்லை. குனிந்து கூடைக்குள் கைவிட்டு முற்றின இலையையும் காம்பையும் பொறுக்கி வெளியே போட ஆரம்பித்தாள். நிறுவைக்கு முன்னால் தினமும் செய்கிற வேலை. ஒவ்வொன்றாக, நிதானமாக. இடுப்பில் கட்டியிருந்த சாக்கு ஈரத்தில் கறுத்திருந்தது. பின்னால் நின்றவள் கூடையை வாங்கப் பார்த்தாள். இவள் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிராமலே கேட்டாள்.

"பஸ்ஸு போயிருக்குமேய்யா?"

போயிடுச்சு என்றேன்.

அன்றைக்கே உட்கார்ந்து காட்சியை எழுதினேன். இடப்பக்கம் முழுக்க நிரம்பியது. கூடை, கை, காம்பு, சாக்கு. வலப்பக்கத்தில் அந்த ஒரு கேள்வி மட்டும். அதையும் பிறகு அடித்துவிட்டேன். அது இருந்தால், செய்தி முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று பார்க்கிறவர்கள் யோசிப்பார்கள். நண்பன் படித்துவிட்டு நெடுநேரம் தாளைக் கீழே வைக்கவில்லை. "ஒத்த வசனம் இல்லாம முடிச்சிட்டியேடா. இப்பத்தான்டா உனக்கு எழுத வந்திருக்குது" என்றான். அந்த வாக்கியத்தைக் கேட்கத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன். கேட்டபோது உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

அவள் காரியம் முடிந்து திரும்பி வந்தாள். லீவு எழுத ஆபீசுக்கு வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை, எண்ணெய் இல்லாத தலை. காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது பிணத்தைத்தான் பார்க்க முடிந்தது என்றாள். பேச்சு இல்லாமல் ராத்திரி முழுக்க அம்மா பாயைத் தடவித் தடவித் தேடினாளாம். நான் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தேன். அவளாகவே எனக்குச் சமாதானம் சொன்னாள்.

"நீங்க என்னய்யா செய்வீய. போனு சாயந்தரந்தான வந்துச்சு. வந்த ஒடனே கொட்டகைக்கு ஏறி வந்து சொன்னீயளே, அதுவே பெரிசு."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். லீவுத் தாளில் கைநாட்டு வைக்கும் இடத்தைக் காட்டினேன்.

படம் எடுத்தார்கள். வேறு யாரோ ஒரு பெண் நடித்தாள். பாலக்காட்டில் கல்பாத்திக்குப் பக்கத்தில் ஒரு ஹாலில் போட்டார்கள். மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். கொட்டகைக் காட்சியில் ஹாலில் ஒரு சத்தம் இல்லை. முடிந்ததும் யார் யாரோ வந்து கைகுலுக்கினார்கள். ஆற்றோரம் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்குப் போனு மத்தியானமே வந்துச்சுங்களே. நீங்க சோறு உங்கறப்பச் சொன்னீங்க. படத்துல எதுக்குங்க சாயங்காலமாக் காட்டறாங்க?"

"சினிமாவுக்காக மாத்துனது" என்றேன்.

"அப்ப அந்தப் பொண்ணு பஸ்ஸப் புடிச்சுட்டாளுங்களா?"

"ம்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்களோடு பழகுகிறவள். கொட்டகையில் நடந்தது அவள் காதுக்கு வராமல் இருந்திருக்காது. வந்தது என்று காட்டிக்கொண்டதில்லை.

அப்புறமும் சில திரைக்கதைகள் எழுதினேன். வசனத்தை வெட்டுவதில் கெட்டிக்காரன் என்று பேர் வந்தது. எழுத வந்த சில இளைஞர்களுக்கு அந்தக் கொட்டகைக் காட்சியை உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். அடித்த வரியைப் பற்றிச் சொன்னதில்லை. ஒரு கட்டத்தில் சலித்து நிறுத்திவிட்டேன். தோட்டத்தை விட்டு இறங்கி ஊரோடு வந்துவிட்டோம். அந்தப் பெண் எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்பதே தெரியாது. விசாரிக்க நினைத்து நினைத்தே வயதாகிவிட்டது.

வெகு காலம் கழித்து எங்கள் வீட்டுக்கும் போன் இணைப்பு கிடைத்தது. கூடத்தில் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே மேஜைமேல் இருக்கும். அது அடித்தால் மனைவி மாவுக் கையோடாவது, ஈரத் துணியைப் போட்டுவிட்டாவது ஓடி வருவாள். நான் கை நீட்டினால், "நானே எடுத்துக்கறனுங்க" என்பாள். மூட்டு வலி வந்து நடக்க முடியாமல் போன பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் இருந்த வரைக்கும் அந்த வீட்டில் நான் ஒரு போனும் எடுத்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.