பஸ் ஏறிட்டாங்க

திருவள்ளூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவது தொழில். யார் எந்த வீட்டுக்குப் போகவேண்டும், யாருக்கு எப்போது லீவு என்பதைப் போனிலேயே ஓட்டுவது என் வேலை. லீவு எடுப்பவருக்குப் பதிலாகப் போகிறவரை ரிலீவர் என்போம். சேர்ந்த முதல் நாளே முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதே, பஸ் ஏறிட்டாங்க என்று சொல். இல்லை என்றால் சண்டைக்கு வருவார்கள், பஸ் ஏறிவிட்டார் என்றால் காத்திருப்பார்கள். நான் முதலாளியையே மிஞ்சினேன். எங்கே ஏறினார், எங்கே பஸ் மாறுவார் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

வேப்பம்பட்டில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் வீட்டுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கத்து அக்கா ஒருவரை அனுப்பியிருந்தேன். அங்கேயே தங்கி ராப்பகலாகப் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அன்று ஒரு நாள் விடுங்கள் என்று பத்து நாள் முன்பே கேட்டார். தாராளமாகச் சரி என்றேன். பத்து நாளும் ஆள் தேடினேன் என்று எழுத ஆசைதான். இரண்டு பேரைக் கேட்டேன், இருவரும் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அதோடு மறந்துவிட்டேன்.

ஞாயிறு காலை பெரியவரின் மகனும் மருமகளும், மாற்று ஆள் வந்துவிடும் என்று நான் சொன்னதை நம்பி, ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். பத்து மணிக்கு அக்கா போன் செய்தார். கும்மிடிப்பூண்டியில் பஸ் ஏறிட்டாங்க என்றேன். பன்னிரண்டு மணிக்குப் பெரியபாளையத்தில் மாறிவிட்டதாகச் சொன்னேன். அக்கா புடவை மாற்றி, பையை வாசலில் வைத்துக்கொண்டு நிற்கிறாராம். திரும்பிப் படுக்கக்கூட முடியாத மனிதரைத் தனியாக விட்டுப் போக அவருக்கு மனசில்லை.

மூன்று மணிக்கு மறுபடி அழைத்தார். திட்டப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் எடுத்தேன்.

"அந்த அக்கா இன்னும் வரல மேடம். ரோடு பூரா லாரியா போய்க்கினு இருக்கும். அவங்களுக்கு இன்னா ஆச்சோன்னு பேஜாரா கீது."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் மயக்கம் போட்டுவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றேன். ஐயோ பாவம் என்றார் அவர். போனை வைத்த பிறகு எனக்கு என்மீதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறு வாரம் வேறு வீட்டில் வேலை கேட்டு அக்கா ஆபீசுக்கு வந்தார். பெண் பார்த்ததைப் பற்றி நான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பெண்ணைப் பெற்றவள் எங்கே என்று கேட்டார்களாம், வேலைக்குப் போயிருப்பதாக நாத்தனார் சொன்னாராம். காபி குடித்துவிட்டுப் போனவர்களிடமிருந்து இதுவரை போன் இல்லை. அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் என்மேல் ஒரு கோபம் இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். வழியில் திருப்பாச்சூரில் இறங்கிக் கோயிலுக்குப் போனாராம். உள்ளே திருநீறு.

"அந்த அக்காவுக்கு அர்ச்சனை பண்ணலாம்னு போனேன் மேடம். ஐயரு பேரு கேட்டாரு, எனக்குத் தெரியல. சாமி பேருக்கே பண்ணச் சொல்லிட்டேன். அவங்க பேரு இன்னா?"

சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன், அவரைப் பார்க்க முடியவில்லை. வாயில் வந்த ஒரு பேரைச் சொன்னேன்.

அடுத்த தடவை போகும்போது மறந்துவிடக் கூடாது என்று, அந்தப் பேரை அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.