காலைக் கழற்றி ஏறிய மலை

ஒட்டுசுட்டானுக்கு அங்காலே, பற்றைக்காட்டின் நடுவில் ஒரு மொட்டைப் பாறைமலை இருக்கிறது. ஆவணி வெயிலில் சுற்றிலும் பச்சையே தெரியாது. மண்ணும் கல்லும் முள்ளும்தான். மேலே பழங்காலத்துக் குகையும் கல்லில் வெட்டிய எழுத்தும் இருப்பதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் கணவருக்கு அங்கே போகவேண்டும். அவர் மேசன். விசுவமடுவில் கனக்க வீடுகள் அவர் கட்டியவை.

சண்டை முடிந்து ஊருக்கு மீளக் குடியேறிய புதிதில் காணி துப்புரவாக்கும்போது மிதிவெடியில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. வெளியாட்கள் முன்னால் அவர் பொய்க்காலைக் கழற்றியதே இல்லை. கிணற்றடியில்கூட மறைப்புக் கட்டித்தான் குளிப்பார்.

போன பௌர்ணமிக்கு, போயா லீவில், நான் ஸ்கூட்டி ஓட, அவர் பின் சீற்றில் வந்தார். மலையில் பாதித் தூரத்துக்குக் கல்லில் வெட்டிய படிகள் இருந்தன. அதற்கு மேலே வெறும் பாறை. பொய்க்கால் இரண்டு தரம் சறுக்கியது.

“காணும், திரும்புவம்” என்றேன்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு பாறையில் குந்தி, காற்சட்டையை மடித்து, காலைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“இதைப் பிடியும். விழுத்திப்போடாதையும்.”

கைகளைப் பின்னால் ஊன்றி, இருந்தபடியே அரக்கி அரக்கி மேலே ஏறத் தொடங்கினார். இறங்கி வந்த பெண் ஒதுங்கி நின்று, “ஆறுதலா ஏறுங்கோ அண்ணா, மேலை நல்ல காத்து” என்றாள்.

“ஓம் தங்கச்சி” என்று சிரித்தார்.

செருப்புப் போட்டிருந்த அந்தப் பொய்க்காலை நான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். கண் கலங்கிப் பாதை சரியாகத் தெரியவில்லை.

குகை வாசலில் இருந்த எழுத்தை எங்களால் வாசிக்க முடியவில்லை. அவர் அதற்கு மேலே, பாறையில் நீளமாக வெட்டியிருந்த விளிம்பைத் தடவினார்.

“இஞ்சை பாரும், மழைத்தண்ணி உள்ளுக்கு வராமல் வெட்டியிருக்கினம். யன்னலுக்கு மேலை மழைக்குப் போடுற பிளாட்டுக்குக் கீழை நானும் இப்பிடித்தான் ஒரு கோடு இழுக்கிறனான்.”

“ஆர் இருந்திருப்பினம்?”

“துறவிமார் எண்டு சொல்லுகினம். அவையளுக்கும் நனையாமல் படுக்க வேணுந்தானே.”

குகை நிழலில் சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, “பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நீர் என்ரை காலைத்தான் பாத்தனீர், என்ன?” என்று கேட்டார்.

“இல்லை. என்னைப் பாக்காமல் எங்கடை சுவர் வெடிப்பைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள். எனக்குக் கோபம்.”

அவர் சிரித்த சிரிப்பில் குகைக்குள்ளிருந்து வௌவால்கள் கலைந்து பறந்தன.