பட்டியலில் ஏழு காலியிடங்கள்

மட்டாஞ்சேரியில் அப்பாவின் மலைச்சரக்குக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் வீடு இருந்தது. நான் ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த ஆண்டு, இடவப்பாதி என்று இங்கே சொல்லும் பருவமழை தொடங்கிய வாரத்தில், அத்தை கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டியுடன் வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. பெட்டியில் நான்கு புடவைகளும் பதினொரு குறுந்தகடுகளும் இருந்தன. எண்ணியது நான்தான். கண்ணில் பட்டதை எண்ணி நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அந்த விடுமுறையில்தான் என்னைப் பிடித்திருந்தது.

ஏன் தனியாக வந்தாள் என்று அம்மா கேட்டாள், அப்பா கேட்டார். இருவருக்கும் "சும்மாதான்" என்றே பதில் வந்தது.

கடைக்கென்று அப்பா வாங்கிப்போட்டிருந்த பழைய கணினி ஒன்று கூடத்தில் தூசி படிந்து கிடந்தது. கல்யாணத்துக்கு முன் கணினி படித்தவள் அத்தை. தன் குறுந்தகடுகளிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, அப்பாவின் வியாபாரக் கடிதங்களையெல்லாம் தட்டச்சு செய்து வைத்தாள். கறுப்புத் திரை, படங்கள் கிடையாது. எல், எஸ் என்று இரண்டு எழுத்துகளை அடித்தால் கோப்புகளின் பெயர்கள் பத்தி பத்தியாக வந்து நிற்கும். அப்பா அந்தக் கட்டளையையும், ஒரு கோப்பைத் திறந்து படிக்கும் கட்டளையையும் மட்டும் கற்றுக்கொண்டார். ஆனால் இத்தனை பெயர்களில் வேண்டியதைத் தேடுவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடும். அதனால் அத்தை சரக்குக்கு ஒரு நிறம் வைத்தாள். ஏலக்காய்க் கடிதங்கள் பச்சை, சுக்கு மஞ்சள், மிளகு வெள்ளை.

"எங்கேயாவது மொளகு வெள்ளையா இருக்குமோ?" என்று அப்பா சிரித்தார்.

"கறுப்புத் திரையில கறுப்பா எழுதினா கண்ணுக்கே தெரியாது அண்ணா."

நிறங்களெல்லாம் ஒரு கோப்பில் எண்களாக இருந்தன. பச்சைக்கு முப்பத்திரண்டு, மஞ்சளுக்கு முப்பத்துமூன்று, வெள்ளைக்கு முப்பத்தேழு. கறுப்புக்கு முப்பது, சிவப்புக்கு முப்பத்தொன்று என்றும் அத்தை சொல்ல, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் கோப்பு மட்டும் ஏன் பட்டியலில் வருவதில்லை என்று கேட்டேன். "பேருக்கு முன்னால ஒரு புள்ளி வெச்சா வராது. மனசிலாச்சா?" என்றாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் கோயம்புத்தூரிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பா நெடுநேரம் "செரி, செரி" என்றார். பிறகு அத்தையைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வரார். நீ பெட்டியை எடுத்து வை. சண்டை இல்லாத வீடு உண்டோ? போனா எல்லாம் தானே செரியாகும்."

"செரி அண்ணா" என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடி கணினி முன் போய் உட்கார்ந்தாள். முதுகை நேராக வைத்துக்கொண்டு வெகுநேரம் தட்டச்சு செய்தாள்.

புதன்கிழமை மாலை அவள் அம்மாவுடன் கோயிலுக்குப் போயிருந்தபோது நான் பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில் ஏழு பெயர்களுக்கான இடம் காலியாக இருந்தது. அதற்கு மேலும் பெயர், கீழும் பெயர். வரிசை வரிசையாய் இருந்த ஒன்றில் அப்படி ஓர் ஓட்டை எனக்குப் பொறுக்கவில்லை. நிறக் கோப்பைத் திறந்தேன். கடைசியில் நான் முன்பு பார்க்காத ஒரு வரி. நிறம் முப்பது. முப்பது என்றால் கறுப்பு. கறுப்பு தெரியாது என்று சொன்னவளே கறுப்பை வைத்துவிட்டாளே என்று நினைத்தேன். என் நோட்டில் எந்தச் சரக்குக்கும் கொடுக்காமல் மிச்சமிருந்த நிறம் சிவப்பு ஒன்றுதான். முப்பதை முப்பத்தொன்றாக்கிச் சேமித்தேன். திரையில் உடனே எதுவும் மாறவில்லை; கணினியை மறுபடி இயக்கினால்தான் புது நிறம் வரும் என்பது எனக்குத் தெரியாது. கணினியை அணைத்துவிட்டு, "அத்தையின் பிழை ஒன்று திருத்தப்பட்டது" என்று நோட்டில் எழுதினேன்.

மறுநாள் காலை ஒரு சுக்குக் கடிதத்தைத் தேடி அப்பா கணினி முன் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். பச்சை, மஞ்சள், வெள்ளைக்கு நடுவே ஏழு சிவப்புப் பெயர்கள். ஏழும் மீனம், மேடம் மாதத் தேதிகள்; அத்தை இங்கே வருவதற்கு முந்தைய இரண்டு மாதங்கள்.

"இதென்ன சிவப்பு? வத்தமொளகா நாம விக்கறதில்லையே" என்றபடி அப்பா முதல் கோப்பைத் திறந்தார்.

நான் படித்தது ஒரே ஒரு வரி. காலை எட்டு முதல் இரவு ஏழு வரை அறைக்கு வெளியே பூட்டு, தண்ணீர் இல்லை. குழாயில் தண்ணீர் வராத நாள்களை அம்மாவும் காலண்டரில் குறித்துவைப்பாள். ஆகவே எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

"நீ கீழே போய் லோடு வந்தாச்சான்னு பாரு" என்றார் அப்பா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

லோடு வரவில்லை என்று சொல்ல மேலே வந்தபோது அவர் ஐந்தாவது கோப்பில் இருந்தார். அத்தை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வாசற்படியில் நின்றாள். திரையின் சிவப்பைப் பார்த்ததும் நேராக வந்து கணினியை அணைத்தாள்.

"எந்த வரிடி மாத்தினே?" என்று என்னிடம் கேட்டாள்.

"முப்பதை முப்பத்தொண்ணாக்கினேன் அத்தை. தப்பா இருந்தது."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அத்தையின் கணவர் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார். அப்பா அவரை மாடிப்படி ஏறவிடவில்லை. கடை வாசலில், சுமைதூக்குகிறவர்கள் பார்க்க, அப்பா சொன்னது மேலே ஜன்னல்வரை கேட்டது. "சாயா குடிச்சிட்டு பஸ்ஸைப் பிடியுங்கோ. அவ வரமாட்டா."

அத்தை பெட்டியைப் பிரித்து நான்கு புடவைகளையும் மறுபடி அலமாரியில் வைத்தாள். அந்த ஏழு கோப்புகளை அப்பா தன் கையாலேயே தாளில் படியெடுத்து ஒரு வக்கீலிடம் கொண்டுபோனார். இத்தனைக்கும் பிறகு என்னோடு மட்டும் அத்தை பேசவில்லை. ஒன்பது நாள் என்று நோட்டில் இருக்கிறது. என்ன குற்றம் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. பிழையைத்தானே திருத்தினேன்? பத்தாம் நாள் காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவளே வந்து என் தலையைப் பின்னிவிட்டாள்.

"சிவப்பு வைக்க யார் சொன்னா?"

"மிச்சம் இருந்தது அதுதான்."

அத்தை பின்னலை முடித்து ரிப்பனை இறுக்கிக் கட்டினாள்.

அத்தைக்குப் பின்னாளில் காக்கநாட்டில் நல்ல வேலை கிடைத்தது. இன்றுவரை நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் இப்போது நாள் முழுவதும் கறுப்புத் திரை முன்தான் வேலை செய்கிறேன். சென்ற மாதம் புதுக் கணினிக்கு நிறங்கள் அமைக்க அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். எண்களுக்குக் கீழே, என் ஏழாம் வகுப்புக் கையெழுத்தில் புள்ளி பற்றிய வரி இருந்தது.

பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி. அத்தை அதை வைத்திருந்தால் அந்த ஏழும் பட்டியலில் வந்தே இருக்காது; காலியிடமும் இருந்திருக்காது. அவளுக்கு அது தெரியும். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிற ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.